முதலில் மேசை, அப்புறம் மலை

மலைக்குப் போகத் திட்டம் போடும் எந்த வாட்ஸ்அப் குழுவையும் எடுத்துப் பாருங்கள். எந்தச் சிகரம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், வண்டியை எங்கே நிறுத்துவது, யார் ஓட்டுவது என்று எல்லாவற்றையும் அலசி முடித்த பிறகு, கடைசி வரியாக "சாப்பாடு அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று இருக்கும். ஜூலையில் இது செல்லும். மலைக்குடில்கள் எல்லாம் திறந்திருக்கும், ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், பசித்தால் ஒரு சூப்பாவது கிடைத்துவிடும். அக்டோபர் கடைசியில் ஆல்ப்ஸில் இந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சாப்பிடப் போகும் மேசையை முதலில் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடையைத் திட்டமிட வேண்டும்.

இதைச் சொன்னபோது மியூனிக்கில் எங்கள் நண்பர் ஒருவர் கேட்டார்: "சாப்பாட்டுக்காகவாங்க இருநூத்தம்பது கிலோமீட்டர் போறோம்?" நல்ல மனிதர், மலையேற்றத்தில் என்னைவிடப் பல மடங்கு தேர்ந்தவர். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி பல நாள் மனதில் கிடந்து உறுத்தியது. மலைக்காகப் போவது உயர்ந்த காரணம், சாப்பாட்டுக்காகப் போவது அதற்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த எண்ணம் என்னிடமும் கொஞ்சம் இருந்ததால்தானோ என்னவோ, சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

பேச்சு போன வருடத்து வார இறுதியைப் பற்றியது. தீபாவளி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. இங்கே அது வேலை நாள் என்பதால் யாருக்கும் கொண்டாடிய திருப்தி இருக்காது. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். அந்த வாரக் கடைசியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து இத்தாலியின் தென் டிரோலுக்குப் போவது என்று செப்டம்பரிலேயே முடிவாயிற்று. நண்பரின் திட்டம் அன்றிரவே வந்துவிட்டது. சனிக்கிழமை கைஸ்லர் சிகரங்களுக்கு அடியில் போகும் அடோல்ஃப் முங்கல் பாதை. ஞாயிற்றுக்கிழமை 2,519 மீட்டர் உயரத்தில் இருக்கும் செசேடா. இரண்டுமே அருமையான இடங்கள். இவை இருக்கும் டோலமைட் மலைகளை யுனெஸ்கோ 2009-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு அந்தப் பாறைச் சுவர்களை ஒரு முறை பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். ஆனால் அவர் அனுப்பிய படங்கள் எல்லாம் செப்டம்பரில் எடுத்தவை.

இலையுதிர்காலம் சின்னக் கோடை இல்லை

மலையில் இலையுதிர்காலத்தை, கொஞ்சம் குளிரும் கோடை என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது வேறு ஒரு பருவம், அதன் விதிகளும் வேறு. லார்ச் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸின் ஊசியிலை மரங்களில் குளிர்காலத்துக்கு முன் ஊசிகளை உதிர்க்கிற மரம் இது ஒன்றுதான். அக்டோபர் இரண்டாம் பாதியில் சரிவு முழுக்கப் பொன்னிறமாகிவிடும். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் லார்ச் பொன்னிறமாகிற அதே நாட்களில்தான் உயரத்து மலைக்குடில்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன. சில அக்டோபர் நடுவிலேயே, சில நவம்பர் தொடக்கத்தில். மாடுகள் செப்டம்பரிலேயே மேய்ச்சல் வெளிகளிலிருந்து இறங்கிவிடும். நிறம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் மேலே சூடாக ஒரு தட்டு சாப்பாடு கிடைக்குமா என்பது நிச்சயமில்லை.

அடுத்தது வெளிச்சம். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். எங்கள் வார இறுதி சரியாக அதில் வந்து விழுந்தது. சனிக்கிழமை ஆறு மணி சுமாருக்கு மறையும் சூரியன், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே மறைந்துவிடும். அதுவும் சமவெளிக் கணக்கு. பள்ளத்தாக்கில் எதிர்மலை அதற்கும் வெகுநேரம் முன்பே வெயிலை மறைத்துவிடும். முங்கல் பாதை கைஸ்லர் சிகரங்களின் வடக்குப் பக்கத்தில் போகிறது. கோடையில் அந்த நிழல் சொர்க்கம். அக்டோபர் கடைசியில் அதே நிழலில் காலைப் பனி மதியம்வரை உருகாது, மரவேர்கள் மேல் உறைந்து கிடக்கும். மூட்டுவலியோடு அறுபதைத் தாண்டிய அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போக எனக்கு மனசில்லை.

போகிற வழியிலும் சிக்கல் இருந்தது. ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போகும் பிரென்னர் நெடுஞ்சாலையில் ஆஸ்திரியப் பக்கத்தில் இருக்கும் லூக் பாலத்தில் 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான நாட்களில் ஒரு திசைக்கு ஒரே தடம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வரிசையில் நிற்பதைவிட ரயில் எவ்வளவோ மேல். பிரென்னர் வழியாக ரயில் 1867-லிருந்து ஓடுகிறது. மியூனிக்கில் ஏறினால் சுமார் மூன்றரை மணி நேரத்தில் தென் டிரோல் ஊரான பிரிக்ஸனில் இறங்கலாம். கார் இல்லை என்று ஆனதும் பள்ளத்தாக்குப் பேருந்துகளை நம்பித்தான் எல்லாம். அவை பகலில் ஒழுங்காக ஓடும், இருட்டிய பிறகு குறைந்துவிடும். அவசரப்பட்டு எதையும் செய்ய முடியாது என்ற இந்தக் கட்டுப்பாடு திட்டத்துக்கு நல்லதே செய்தது என்று இப்போது தோன்றுகிறது.

பண்ணை வீட்டுக்கு ஒரு போன்

தென் டிரோல் இத்தாலியின் வட எல்லை. முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த நிலம். இன்றும் பெரும்பாலானவர்களுக்கு ஜெர்மன்தான் தாய்மொழி. அங்கே ஐசாக் பள்ளத்தாக்கில் அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசிவரை 'டோர்கலன்' என்று ஒரு வழக்கம் உண்டு. திராட்சை அறுவடை முடிந்ததும் புது வைனைச் சுவைத்துப் பார்க்கவும், அறுவடைக்குக் கைகொடுத்தவர்களுக்கு விருந்து வைக்கவும் தொடங்கியது என்று சொல்வார்கள். இப்போது அது ஊரார், வெளியூரார் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. மலைச்சரிவில் நடந்து ஒரு பண்ணை வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பெரும்பாலும் அவர்கள் நிலத்தில் விளைந்ததையே சாப்பிட வேண்டும். கடைசியில் சுட்ட செஸ்ட்நட் கொட்டையும் புது வைனும் வரும். பிறகு நடந்து இறங்க வேண்டும். இப்படிப் பண்ணையிலேயே நடக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு 'புஷன்ஷாங்க்' என்று பெயர்.

ஃபெல்ட்தூர்ன்ஸ் ஊருக்கும் கிளவுசன் ஊருக்கும் நடுவில் அப்படி ஒரு பண்ணை இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். இணையத்தில் புக்கிங் கிடையாது, போன்தான். அக்டோபர் வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் செப்டம்பரிலேயே கூப்பிட்டேன். எடுத்தது அந்த வீட்டு அம்மா. டிரோல் வட்டார ஜெர்மன். பாதி புரிந்தது, மீதியை அவரே மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "எங்கிருந்து நடந்து வருகிறீர்கள்?"

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. மேசை கேட்டு போன் செய்தால் நடையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? இன்னும் முடிவு செய்யவில்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு வரலாம் என்று யோசிக்கிறோம் என்றேன். யார் யார் வருகிறீர்கள் என்றார். அம்மா, குழந்தைகள் என்று சொன்னேன். திரும்பிப் போவது எப்படி என்றார். கிளவுசனுக்கு நடந்து இறங்கி ரயில் பிடிப்போம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எங்கள் வீட்டுக்கு வருகிற பெண் உறவினரிடம் என் பாட்டி பேசுவது போன்ற உரிமையோடு முழுத் திட்டத்தையும் அவரே போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் வேண்டாம், மதியம் ஒரு மணிக்கு வாருங்கள். காலையில் பிரிக்ஸனிலிருந்து பேருந்தில் ஃபெல்ட்தூர்ன்ஸ் போய் அங்கிருந்து நடங்கள். நீளமான பாதியைச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பாதியைப் பின்னால் வையுங்கள். எங்கள் பக்கம் கிழக்கு பார்த்த சரிவு, காலையில் நல்ல வெயில் இருக்கும், மதியத்துக்குப் பின் சீக்கிரம் நிழல் விழுந்துவிடும். நான்கு மணிக்குக் கிளம்பினால் அம்மாவை வெளிச்சத்திலேயே கீழே கூட்டிப் போய்விடலாம். ஆனால் செஸ்ட்நட் சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது, அது கடைசியில்தான் வரும்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பரின் கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. நடை ஒரு வேலை, சாப்பாடு இன்னொரு வேலை என்று அந்த அம்மாவின் கணக்கில் இல்லவே இல்லை. விருந்தாளி எந்த வழியாக வருவார், எவ்வளவு பசியோடு வருவார், எப்படித் திரும்புவார் என்பது சமையலைப் போலவே அவர் பொறுப்பில் இருந்தது. எத்தனை பேர் என்பதைக் கடைசியில்தான் கேட்டார்.

இறைச்சி இல்லை, கீரை உண்டு

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. அம்மா சைவம். டோர்கலன் மேசையின் நடுநாயகம் பன்றி: புகையிட்ட இறைச்சி, வீட்டுத் தொத்திறைச்சி, உப்பில் ஊறிய துண்டுகள். சைவத் தமிழர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. பார்லி சூப்பில் புகையிட்ட இறைச்சியைப் போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். புளித்த முட்டைக்கோஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது சாதாரணம். க்னோடல் எனப்படும் ரொட்டி உருண்டைக்குள் 'ஷ்பெக்' என்ற பன்றி இறைச்சி பொடியாக நறுக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, இதில் கொழுப்பு உண்டா, சூப்பை எதில் கொதிக்க வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த அம்மா சூப்பைத் தனிச் சட்டியில் வைக்கிறேன், கீரை க்னோடலும் பாலாடைக்கட்டி க்னோடலும் செய்கிறேன், கீரை வைத்து மடித்த ஸ்லுட்ஸ்க்ராப்ஃபன் எப்படியும் இருக்கும் என்றார். முன்கூட்டியே சொல்வதால்தான் இது நடக்கிறது. பசியோடு போய்க் கதவைத் தட்டிவிட்டு அங்கே நின்று கேட்டால் ரொட்டியும் வெண்ணெயும்தான் கிடைக்கும். சாப்பாட்டை முதல் வரியில் வை என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எங்கே போனாலும் அம்மா தன் டப்பாவில் எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். அவரும் மற்றவர்களோடு அதே மேசையில், அதே சூடான தட்டில் சாப்பிட வேண்டும்.

மேசை உறுதியானதும் மீதியெல்லாம் எளிதாகிவிட்டது. ஆல்ப்ஸ் பாதைகளில் கைகாட்டிகள் பெரும்பாலும் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைத்தான் சொல்லும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கு எவ்வளவு நேரம், உயரத்துக்கு எவ்வளவு நேரம் என்று தனித்தனியே போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். ஃபெல்ட்தூர்ன்ஸ் சுமார் 850 மீட்டர், கிளவுசன் சுமார் 520. நடுவில் 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தூரத்துக்கு ஒன்றே முக்கால் மணி, 330 மீட்டர் இறக்கத்துக்கு 40 நிமிடம், அதில் பாதி 20. ஆக இரண்டு மணியும் சொச்சமும். அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் அதை ஒன்றரை மடங்காக்கினேன். இடையில் வரும் சின்ன ஏற்றங்களுக்குக் கொஞ்சம் சேர்த்தேன். அதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு முன். ஒரு மணிக்கு மேசையில் இருக்க வேண்டுமானால் பத்தேகாலுக்கு நடக்கத் தொடங்க வேண்டும், அதற்கு எந்தப் பேருந்து, அதற்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று பின்னோக்கியே எல்லாம் விழுந்தது. எங்கேயும் இழுபறி இல்லை. தலையில் மாட்டும் டார்ச் மட்டும் எல்லோருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டோம். நான்கு மணிக்குக் கிளம்புவோம் என்று எழுதி வைக்கலாம், செஸ்ட்நட் தட்டு முன்னால் இருக்கும்போது கிளம்புவது வேறு விஷயம்.

தட்டில் இருந்தது எல்லாம் வழியில் இருந்தது

அந்தப் பாதைக்குக் 'கெஷ்ட்ன்வெக்' என்று பெயர். பிரிக்ஸனுக்குப் பக்கத்தில் தொடங்கி போட்சன் நகரத்துப் பக்கம் போகும், 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும் செஸ்ட்நட் பாதை. நாங்கள் நடந்தது அதில் ஒரு சின்னத் துண்டு. பாதையின் இரண்டு பக்கமும் செஸ்ட்நட் தோப்புகள். சில மரங்களின் அடியை எங்கள் இரண்டு குடும்பமும் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். முள்ளம்பன்றிக் குட்டி போல முள் நிறைந்த பச்சை ஓடுகள் வெடித்துக் கிடந்தன. குழந்தைகள் குனிந்து பொறுக்கப் போனபோது தடுக்க வேண்டியிருந்தது. தோப்புகளுக்கு உரிமையாளர்கள் உண்டு, கீழே கிடப்பது அவர்கள் அறுவடை. காட்டு மரம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. அந்த மரங்கள் ஒரு பெரிய ஆபத்தைத் தாண்டி வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்காசியாவிலிருந்து வந்து செஸ்ட்நட் மொட்டுக்குள் முட்டையிட்டுக் காய்ப்பையே கெடுக்கும் ஒரு குட்டிக் குளவியை இத்தாலியில் முதன்முதலாக 2002-ல் கண்டார்கள். நாடு முழுக்கத் தோப்புகள் அடிவாங்கின. அதன் சொந்த ஊரிலேயே அதற்கு எதிரியாக இருந்த டோரிமஸ் சைனென்சிஸ் என்ற இன்னொரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

தோப்பைத் தாண்டினால் திராட்சைப் பந்தல். செஸ்ட்நட் கட்டை ஈரத்தில் எளிதில் மக்காது, அதனால் பந்தல்கால்களுக்கும் அதையே நட்டு வந்திருக்கிறார்கள். அதற்கு மேலே புல்வெளி, மாடுகள், வைக்கோல் கொட்டகை. ஒரு திருப்பத்தில் நண்பர் நின்று எதிர்ச் சரிவைக் காட்டினார். பள்ளத்தாக்கில் மூடுபனி படுத்துக் கிடந்தது, அதற்கு மேலே லார்ச் மரங்களின் பொன்னிறம், அதற்கும் மேலே சாம்பல் நிறப் பாறை. "செசேடாவிலிருந்து பார்த்தா இந்தத் தோப்பு தெரியாது" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மரப்பலகை அடித்த தாழ்வான கூடம், மூலையில் ஓடு பதித்த பெரிய அடுப்பு, அதைச் சுற்றி உட்காரும் திண்ணை. அம்மா முதலில் அந்த அடுப்பில்தான் முதுகைச் சாய்த்தார். சூப் வந்தது. கெட்டியாக, பார்லி குழைந்து, கேரட்டும் செலரியும் வெந்து. அடுத்து ஸ்லுட்ஸ்க்ராப்ஃபன். சற்றுக் கறுப்பாக இருக்கும் ரை தானிய மாவைக் கோதுமையோடு கலந்து மெல்லியதாகத் தேய்த்து, கீரையும் புதுப் பாலாடைக்கட்டியும் வைத்து அரைவட்டமாக மடித்து வேகவைத்து, சிவக்க உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றியிருந்தார்கள். அம்மா ஒன்றைக் கரண்டியில் எடுத்து ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோமாசி மடிக்கிற மாதிரியேல்ல மடிச்சிருக்காங்க" என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் சமையலறையில் அதை மடித்துக்கொண்டிருந்த கை. அப்புறம் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, மாவு எத்தனை நேரம் ஊற வேண்டும் என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கையால் காட்டியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

செஸ்ட்நட் சுடுவதைப் பார்க்கக் குழந்தைகளை வெளியே கூட்டிப் போனார் அந்த வீட்டுத் தாத்தா. சின்ன வளைந்த கத்தியால் ஒவ்வொரு கொட்டையின் புடைத்த பக்கத்திலும் ஒரு கீறல். கீறாமல் போட்டால் நெருப்பில் வெடித்துவிடும். அடியில் ஓட்டை போட்ட, நீளக் கைப்பிடி வைத்த இரும்புச் சட்டி. விறகுத் தீயில் அதை நிறுத்தாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார். கீறல் விரிந்து ஓடு கருகத் தொடங்கியதும் துணியில் கொட்டி இறுக்கி மூடினார். அந்த ஆவியில்தான் உள்தோல் விடும். மேசைக்கு வந்ததும் சுடச்சுட உரிக்க வேண்டும். சூடு இருக்கும்போது உள்தோல் ஓட்டோடு கழன்று வரும், ஆறினால் பருப்பில் ஒட்டிக்கொண்டு விடாது. மஞ்சளாக, மாவாக, லேசான இனிப்போடு இருக்கும் பருப்பின் மேல் ஒரு துளி வெண்ணெய். பெரியவர்களில் சிலருக்குப் புது வைன், மற்றவர்களுக்கு அங்கேயே பிழிந்த ஆப்பிள் சாறு. விரல் நுனிகள் கறுத்து, மேசை முழுக்க ஓடு குவிந்து கிடந்தது. சூப்பின் செலரி தோட்டத்தில் பார்த்தது. வெண்ணெய் நாங்கள் கடந்து வந்த மாடுகளுடையது. செஸ்ட்நட் காலையில் குழந்தைகளைப் பொறுக்காதே என்று தடுத்த அதே சரிவின் விளைச்சல். மூன்று மணி நேரம் சாப்பாட்டுக்குள்ளேதான் நடந்து வந்திருக்கிறோம் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் உரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நடக்காமல் வருகிறவர்கள்

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. டோர்கலன் இப்போது பெரிய வியாபாரம். பெரிய பேருந்துகள் ஆட்களை வாசலிலேயே இறக்கி, இரண்டு மணி நேரத்தில் சாப்பிட வைத்து, ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒலிபெருக்கியும் நீள மேசைகளும் போட்டு, செஸ்ட்நட்டைப் பெயருக்குக் கடைசியில் தருகிற இடங்களும் உண்டு. பள்ளத்தாக்குக்காரர்கள் பலருக்கே இது வருத்தம். சாப்பாட்டுக்காகவே போகிறோம் என்று நான் வாதாடும்போது, கேட்பவர் மனதில் வருவது இந்தப் படம்தான் என்றால் அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. மேசையில்லாத மலையும் எனக்கு வேண்டாம், நடையில்லாத மேசையும் வேண்டாம். நடக்காமல் வந்து உட்கார்ந்தால் அந்த பார்லி சூப் வெறும் பார்லி சூப்தான். அந்தப் பசியும் கால்வலியும் அதற்கு உப்பு மாதிரி. அம்மாவால் முழுத் தூரமும் நடக்க முடியாது என்று தோன்றினாலும் பாதியாவது நடக்கும் வழியைத்தான் தேட வேண்டும். கார் போகும் பண்ணையாகத் தேடுவது அதற்கு மாற்று ஆகாது.

நான்கே காலுக்குக் கிளம்பினோம். கீழே போகும் வழியில் ஸேபன் மடம், ஒரு பெரிய பாறையின் தலையில். பிரிக்ஸனுக்கு மாறுவதற்கு முன் ஆயர்களின் இருப்பிடமாக இருந்த இடம். 1686-லிருந்து பெனடிக்ட் சபைக் கன்னியர் அங்கே இருந்தார்கள், 2021-ல் கடைசியாக இருந்தவர்களும் கிளம்பிப் போனார்கள். அங்கிருந்து கிளவுசனுக்கு இறங்கும் சிலுவைப்பாதை செங்குத்தான கல் பாவிய வழி. ஈர இலை படிந்திருந்தால் வழுக்கும். பக்கத்திலேயே வளைந்து வளைந்து இறங்கும் சாய்வான வழி ஒன்று இருக்கிறது. அம்மாவுக்காக அதை எடுத்தோம். வெளிச்சம் மங்கும்போது ஊருக்குள் வந்துவிட்டோம், டார்ச் பையிலேயே இருந்தது. ஆல்பிரெக்ட் டியூரர் இத்தாலிக்குப் போகும் வழியில் பார்த்து, பிறகு தன் 'நெமிசிஸ்' செப்புத்தகட்டு ஓவியத்தின் அடியில் செதுக்கிய ஊர் இந்தக் கிளவுசன்தான். ரயில் வர நேரம் இருந்ததால் ஊரின் ஒற்றைத் தெருவில் மேலும் கீழும் நடந்தோம்.

இந்த வருடத் திட்டம்

தீபாவளி இந்த முறை நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதனால் அக்டோபர் முழுக்க எங்களுக்குத்தான். நண்பர் அக்டோபர் முதல் பாதி என்கிறார்: குடில்கள் திறந்திருக்கும், பகல் நீளமாக இருக்கும். நான் மூன்றாம் வாரம் என்கிறேன்: லார்ச் நிறம் ஏறியிருக்கும், செஸ்ட்நட்டும் இருக்கும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பதால் பேச்சு நீண்டுகொண்டே போகிறது. சனிக்கிழமை அதே பண்ணை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் போன் செய்ய வேண்டும், அம்மாவுக்குத் தனிச் சூப் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன முறை கேட்டு எழுதிய மாவு அளவில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது, அதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் தகராறு. அவருக்கு ஒரு உயரமாவது வேண்டும், அது இல்லாமல் திரும்பினால் மலைக்குப் போன மாதிரியே இருக்காது என்கிறார். அதை நான் மறுக்கவில்லை. உயரத்தில் நிற்பதன் சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆகவே கைஸ்லர் சிகரங்களுக்குக் கீழே இருக்கும் வில்னஸ் பள்ளத்தாக்கில் இரண்டாகப் பிரிவது என்று வைத்திருக்கிறோம். அவரும் அவர் மகளும் விடிந்ததும் கிளம்பி கைஸ்லர் அடிவாரம்வரை ஏறுவார்கள். பனி இருந்தால் திரும்பிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நானும் அம்மாவும் பையனும் சாங்க்ட் மக்தலேனா ஊருக்கு மேலே வெயில் படும் சரிவில் மெதுவாக நடப்போம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட வில்னஸ் ஆடுகளைப் பையனுக்குக் காட்ட வேண்டும். அந்த ஆட்டிறைச்சிக்குப் பெயர்போன இடம் அது, நண்பருக்கு அதுவும் ஒரு காரணம். மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் ஒரு விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறேன், கீரை க்னோடல் உண்டு, கொழுப்பு சேர்ப்பதில்லை என்று கேட்டு உறுதி செய்தாகிவிட்டது. இரண்டு வழியாக வந்தாலும் ஒரு மணிக்கு எல்லோரும் அங்கே இருக்க வேண்டும். நண்பர் நேற்று குழுவில் போட்ட திட்டத்தில் அந்த ஒரு மணியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார், அவர் ஏறத் தொடங்கும் நேரத்தை இன்னும் நிரப்பவில்லை.